மாதாவுக்கு நேர்ந்த குட்டி

என் தம்பி மகள் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தபோது அவளுக்கு ஏழு வயது முடிந்திருந்தது. மழைக்காலம். கொசுவால் வந்த காய்ச்சல் என்றார்கள். காலையிலும் மாலையிலும் ரத்தம் எடுத்துப் போவார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது என்பார்கள். அது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வரும் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அந்த அம்மா எங்களோடு பேசாமல் நர்ஸிடம் மட்டும் பேசிவிட்டுப் போன நாட்களில் நான் பிள்ளையின் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே மாட்டேன்.

நான் கல்யாணமாகிச் சீக்கிரமே பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். தம்பி எனக்கு ரொம்பப் பின்னால் பிறந்தவன். அவனைத் தூக்கி வளர்த்தேன், இப்போது அவன் வீட்டில் இருக்கிறேன். அவன் மகள் என்னை அத்தை என்பாள். அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பையன் இருந்தான். ஒருநாள் மத்தியானம் அவனை வேறு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் அவன் அம்மா மட்டும் வந்து, கட்டிலுக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் வாளியையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு போனாள். அவள் அழவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி பெண்சாதி எழுந்து வராந்தாவுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். வருகிறவர் போகிறவர் யாரையும் பார்க்காமல், தரையில் மண்டி போட்டுச் சத்தமாகவே சொன்னாள்:

"மாதாவே, எம்புள்ளய மட்டும் வீட்டுக்கு இட்டுக்கினு போயிட்டேன்னா ஒனக்கு ஒரு கிடா வுடறேன். உசுருக்கு உசுரு தரேன்."

நேர்ச்சை என்றால் எங்கள் ஊர் மாதா கோயிலுக்குப் பலரும் நேர்ந்துகொள்வார்கள். மெழுகுவர்த்தி, கோழி, ஆடு என்று அவரவர் சக்திக்கு விடுவார்கள். ஆனால் உயிருக்கு உயிர் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவள் திருவாமாத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகுதான் ஞானஸ்நானம் வாங்கினாள். மாதா மேல் எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் பக்தி அதிகம், பயமும் அதிகம்.

பிள்ளை பிழைத்து வந்தாள். மெலிந்து, தலைமுடி கொட்டி, படியேறினாலே மூச்சு வாங்கினாள். கிறிஸ்துமஸ் முடிந்து சந்தையில் ஒரு செவலைக் குட்டி வாங்கி வந்தார்கள். ஆகஸ்டில் மாதா திருவிழா. அதுவரை வளர்க்க வேண்டும். அங்கேதான் தம்பி பெண்சாதி தன் தாய்வீட்டு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். யாருக்காக நேர்ந்ததோ அவர்கள் கையால்தான் அந்த ஆட்டுக்குத் தீனி வைக்க வேண்டுமாம். அப்போதுதான் நேர்ச்சை அவர்களுக்குப் போய்ச் சேருமாம். எங்கள் ஊரில் அப்படி ஒரு முறை கிடையாது. நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் அண்ணி, கொற வெக்கக் கூடாது" என்றுவிட்டாள்.

குட்டியின் கயிற்றைப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். இது எதற்கு வந்திருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்த வருஷம் அவளை ஓடக்கூடாது, வெயிலில் நிற்கக்கூடாது, மழையில் நனையக்கூடாது என்று பள்ளிக்கூடம் விட்டால் வீட்டோடு வைத்திருந்தோம். தெருப்பிள்ளைகள் இரண்டு நாள் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வராமல் நின்றுவிட்டார்கள். அவளுக்கு இருந்தது அந்தக் குட்டி ஒன்றுதான். அதற்குக் கடலைக் கொல்லையிலிருந்து வந்த மல்லாட்டைக் கொடி உருவிப் போடுவாள், என்னை அகத்திக் கீரை ஒடித்துத் தரச் சொல்லுவாள். நான் வைத்தால் அது முகர்ந்துவிட்டு நிற்கும். அவள் அதே கீரையை எடுத்து நீட்டினால் தின்னும். பள்ளிக்கூட வேன் திருப்பத்தில் ஹாரன் அடித்ததும் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தும். ஒருநாள் அவளுடைய கணக்கு நோட்டில் பாதியைத் தின்றுவிட்டது. மிஸ் கேட்டதற்கு ஆடு தின்றுவிட்டது என்று சொல்லி, பொய் சொல்கிறாய் என்று வெளியில் நிற்க வைத்துவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து அதன் முன்னால் உட்கார்ந்து, "ஒன்னாலதான்டா நின்னேன், மிச்சத்தயும் துன்னு" என்று நோட்டை நீட்டினாள். அன்றைக்குத்தான் காய்ச்சலுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.

சோறும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் இறங்கும். கன்னம் கொஞ்சம் தேறியது. என் தம்பி கம்பெனி பஸ்ஸில் விடிகாலையில் போய் இருட்டி வருகிறவன். அவன்கூடக் கவனித்து, "ஆடு வந்த நேரம், பாப்பாவுக்கு ஒடம்பு புடிக்குதுக்கா" என்றான். நான் ஆகஸ்டுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் ஒருநாள் எதிர்வீட்டுப் பெண் தண்ணீர் பிடித்துக்கொண்டே கிண்டலாகக் கேட்டாள்: "இன்னா பாப்பா, மாதாவுக்குக் கறி நல்லா ஏறுதா?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பிள்ளைக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறாள்.

பிள்ளை உள்ளே வந்து அம்மாவிடம் கேட்டாள். அம்மா மறைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தா, பக்கத்துக் கட்டில் பையன், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அவள் கை பிள்ளையின் தலையில் இருந்தது. பிள்ளை அந்தக் கையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"எனக்காகத்தான நேர்ந்துக்கின? எங்கிட்ட கேட்டியா?"

தாய் மறுபடியும் அவளை அணைக்கப் போனாள். பிள்ளை விலகி நின்றாள்.

"எனக்கு வேணாம்னு மாதாகிட்ட சொல்லிடு."

"இன்னா வேணாம்? நீயா வேணாம்?" என்று தாய் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். அப்படிச் சொன்னது மாதாவின் காதில் விழுந்திருக்குமோ என்று அவளுக்குப் பயம். கோயிலுக்குப் போய் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. அடம் பிடிப்பதாகத் தெரியவில்லை. தட்டை வாங்குவாள், இரண்டு வாய் வைப்பாள், போதும் என்று வைத்துவிடுவாள். ஆட்டுக்கும் தீனி வைக்க மாட்டேன் என்றாள். ஆடு இளைத்துப்போனால் நேர்ச்சைக்கு விடமாட்டார்கள் என்று யோசித்திருக்கிறாள். ஆனால் அது பசியில் அவளைப் பார்த்துக் கத்தியது. ஒருநாள் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், பொழுது சாயும்போது எழுந்து ஓடிக் கொடியை அள்ளிக்கொண்டு போய்ப் போட்டாள். போட்டுவிட்டு அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

நான் யாரிடமும் போய்ப் பேசிப் பழக்கமில்லாதவள். ரேஷன் கடையில் அளவு குறைந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் போகும்வரை தூணோரம் நின்று, ஃபாதரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மாதா உயிர் கேட்கிறவர் இல்லை, ஆட்டுக்கு உண்டான காணிக்கையைப் போட்டுவிட்டுப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள், ஒரு தோஷமும் இல்லை என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து தம்பி பெண்சாதியிடம் அப்படியே சொன்னேன்.

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்:

"ஃபாதருக்குப் புள்ள இருக்குதா அண்ணி?"

அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று யாராவது நினைத்தால் அது பாவம். பிள்ளை ஒரு தடவை இருமினால் ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். தூங்கும்போது மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பாள். அந்தப் பிளாஸ்டிக் வாளி அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஆட்டைக் கொடுக்காவிட்டால் பிள்ளை போய்விடுவாள் என்று அவள் நம்பினாள். ஆட்டைக் கொடுத்தால் பிள்ளை போய்விடுவாள் என்று நான் பயந்தேன். தம்பியிடம் சொன்னால், "என்ன நடுவுல இழுக்காதீங்கக்கா, எனக்கே பேஜாரா இருக்குது" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

திருவிழா அன்று ஆட்டைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, பிள்ளையே கயிற்றைப் பிடித்துக் கோயிலுக்கு நடந்தாள். அதுவும் அந்த வழக்கப்படிதான். வழியில் அவள் அழவில்லை. அது எப்போதும்போல அவள் பாவாடை ஓரத்தைக் கடித்துக்கொண்டு கூடவே வந்தது. அவள் இழுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

காணிக்கையாக வந்த ஆடு கோழிகளைப் பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். பணம் கோயிலுக்குப் போகும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், விட்ட வீட்டார் மட்டும் எடுக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் நேர்ச்சை செல்லாது என்பார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் முந்தானையில் சர்க்கார் தரும் என் பென்ஷன் பணத்தை முடிந்துகொண்டு போயிருந்தேன். நான் ஒரு ஓரத்து ஆள்தானே, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று ஒரு நினைப்பு.

முன்னால் எல்லாம் ஆம்பிளைகள். திண்டிவனத்திலிருந்து கறிக்கடைக்காரர்கள் வந்திருந்தார்கள். எங்கள் குட்டியின் மாலையை எடுத்துவிட்டு நடுவில் நிறுத்தினார்கள். ஏலக் கேள்வி ஏறியது. நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கையைத் தூக்கினேன், எனக்கு முன்னால் நின்றவரின் முதுகு மறைத்துவிட்டது. "ஒரு தரம்" என்றார் ஏலம் போடுகிறவர். "ரெண்டு தரம்" என்றபோது எங்கிருந்து வந்ததோ, "நான் கேக்கறேன்" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பினார்கள். சிலர் சிரித்தார்கள். ஏலம் போடுகிறவர் என்னை அடையாளம் தெரிந்து, "இன்னாக்கா, ஒங்க வூட்டு ஆடுதான இது? நீயே வுட்டுட்டு நீயே எடுத்துக்கினா மாதாகூட வெளயாடற மாதிரி ஆயிடாது?" என்றார். ஆனாலும் தூக்கிய கையை இறக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தம்பி பெண்சாதி வந்தாள். என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"அண்ணி, ஒங்க கால்ல வுழறேன். மாதா எம்புள்ளய எடுத்துக்குவா."

நான் விட்டுவிட்டேன். மூன்றாம் தரம் சொல்லி, குட்டி ஒரு கடைக்கார பாய்க்குப் போனது. பிள்ளை கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள். வண்டியில் ஏற்றும்போது அது கத்தியது. அவள் எழுந்திருக்கவில்லை, அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை.

அன்று சாயங்காலமே அவளுக்கு உடம்பு சுட்டது.

தம்பி பெண்சாதி பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நர்ஸ் பார்த்துவிட்டு, வெயிலும் வெறும் வயிறும்தான் காரணம், மாத்திரை தருகிறேன், எதையாவது சாப்பிட வையுங்கள், காலையில் வந்து ரத்தம் சோதிக்கக் கொடுங்கள் என்றார். பிள்ளை மாத்திரையை விழுங்கினாள். கஞ்சியைக் கொடுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டாள். கெஞ்சினோம், மிரட்டினோம். தம்பி கையைக்கூட ஓங்கிவிட்டான், பிறகு அவனே வெளியே போய் நின்று அழுதான். தம்பி பெண்சாதி மாதா படத்தின் முன்னால் நின்று, "சொன்னபடி குடுத்துட்டேனே, இன்னும் இன்னா கேக்கற?" என்றாள். மறுபடி மறுபடி அதையேதான் கேட்டாள்.

காலையில் தெருவிளக்கு அணைவதற்கு முன்பே தம்பி பெண்சாதி என்னை எழுப்பினாள். அவள் தூங்கியதாகத் தெரியவில்லை.

"அண்ணி, நீங்க போய் வாங்கிக்கினு வந்துடுங்க. மாதா வித்துட்டாங்க இல்ல? இப்ப அது கடக்காரருது. கடக்காரருகிட்ட காசு குடுத்து வாங்கறது எப்பிடி தப்பாவும்? நானு போனாதான் தப்பு. நீங்க ஜல்தியா போங்க."

முதல் பஸ்ஸில் ஏறினேன். ஒலக்கூர்ப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளும் கீரைக் கூடைக்காரிகளுமாக ஏறி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நின்று நின்று போனது. அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லையே, கறி அவ்வளவு போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திண்டிவனத்தில் இறங்கி, யாரிடமும் வழி கேட்காமல் பார்த்துவிடலாம் என்று சுற்றி, கடைசியில் ஒரு டீக்கடைக்காரரிடம் கேட்டுத்தான் போனேன். அந்த வெட்கத்தில் எவ்வளவு நேரம் போனதோ.

கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. பாய் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "நேத்து கூவுன பெரியம்மாதான நீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது. அவருக்குப் புரிந்தது. முகம் கொஞ்சம் மாறியது.

"நாலஞ்சு ஊர்ல எடுத்தேன் பெரியம்மா. அதுல செவல மட்டும் மூணு இருந்திச்சி. ஒண்ண விடியக்காலைல அறுத்துப் போட்டாச்சி, விருந்து ஆர்டரு. எது எந்த ஊருதுன்னு நானு பாக்கல. ரெண்டு இருக்குது, வந்து பாருங்க. ஒங்களுதா இருந்தா எடுத்த வெலைக்கே தரேன்."

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருந்தன. இரண்டும் செவலை, ஒரே உயரம், நெற்றியில் சந்தனம் காய்ந்த அடையாளம் இரண்டுக்கும். எட்டு மாதம் நான் கீரை ஒடித்துப் போட்ட ஆடு. கொம்பின் வளைவு எப்படி, குளம்பு எந்த நிறம், எதுவும் எனக்குத் தெரியவில்லை. நான் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், ஆட்டைப் பார்க்கவே இல்லை. பிள்ளை கூப்பிடுவதுபோல "டேய், வாடா" என்று கூப்பிட்டேன். இரண்டும் பார்க்கவில்லை. கையை நீட்டினேன். ஒன்று வந்து என் விரலை முகர்ந்தது. இதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதுவேதான், வேறு எதுவாகவும் இருக்க முடியாது. பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். ஊருக்குப் போகிற ஒரு லோடு ஆட்டோவில் அவரே சொல்லி ஏற்றியும் விட்டார். வழி முழுக்க அதன் காதையும் முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன். பார்க்கப் பார்க்க அது எங்கள் ஆடு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

வாசலில் இறக்கியதும் தம்பி பெண்சாதி ஓடிவந்து, "பாப்பா, வந்துட்டான் பாரு, ஒன்னோட ஆளு வந்துட்டான் பாரு" என்று கூவினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நின்று பார்த்தாள். ஆடு குனிந்து தரையில் கிடந்த கொடியைத் தின்ன ஆரம்பித்தது. அவள் கிட்டே வந்து அதன் காதுக்குப் பின்னால் தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"அவன்தான?" என்றாள் அம்மா.

பிள்ளை அம்மாவின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ம்" என்றாள்.

கஞ்சி சுட வைக்கிறேன் என்று தம்பி பெண்சாதி உள்ளே ஓடினாள். பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றாள். என் கையில் இன்னும் கயிறு இருந்தது.

"இது அது இல்ல அத்த."

"நல்லா பாருடா கண்ணு. ஒரு ராத்திரி வேற எடத்துல இருந்து மெரண்டு போயிருக்கும்."

"எப்பிடி மெரண்டாலும் அதுக்கு என்னிய தெரியும்" என்றாள்.

மீதி இருந்த ஒன்று இன்னும் அங்கே கொட்டகையில் நிற்கிறது, இப்போதே திரும்பி ஓடினால் கிடைக்குமா என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது. விடிகாலையில் போனது எது என்று இன்னொரு பக்கம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே பஸ் வரும் திசையைப் பார்த்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"இத திருப்பிக் கொண்டு போய் வுட்றாத அத்த. அம்மாகிட்டயும் சொல்லாத."

தம்பி பெண்சாதி கிண்ணத்தோடு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தாள். ஊதி ஊதி ஸ்பூனில் கஞ்சியை நீட்டினாள். பிள்ளை வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். கிண்ணம் காலியாகும்வரை வாங்கினாள். ஆடு அந்தப் பக்கம் கொடியை மென்றுகொண்டிருந்தது. அவள் ஒரு தடவைகூட அதன் பக்கம் திரும்பவில்லை.